காணி மக்களுக்குப் பங்கு கிடைத்தது, உரிமை கிடைத்ததா?

கேள்வி இதுதான்: "பழங்குடி மக்கள் சொல்லிக்கொடுத்த மூலிகையிலிருந்து ஒரு நிறுவனம் மருந்து தயாரித்தால், சட்டப்படி அந்த மக்களுக்கு என்ன கிடைக்கும்? ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை விஷயத்தில் காணிப் பழங்குடி மக்களுக்கு இலாபத்தில் பாதி கொடுத்ததாகப் படித்தேன். அது சட்டப்படி கொடுத்ததா? நான் மூலிகை ஆய்வுக்காக மலைக்குப் போகப்போகும் மாணவி. என்னென்ன கவனிக்க வேண்டும்?"

முதலில் ஒரு திருத்தம். "இலாபத்தில் பாதி" என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் நடந்தது அதுவல்ல. ஆய்வு நிறுவனத்துக்கு வந்த உரிமத் தொகையிலும் ராயல்டியிலும்தான் பாதி கொடுத்தார்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதைக் கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அடுத்து, அது சட்டப்படி கொடுத்ததும் இல்லை. 1995இல் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது, பழங்குடிகளுக்குப் பங்கு கொடுக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இந்தியாவில் கிடையாது. சில விஞ்ஞானிகள் மனமுவந்து எடுத்த முடிவு அது.

இன்று சட்டம் இருக்கிறது, பங்கும் கேட்கலாம். ஆனால் அறிவை வைத்திருக்கும் மக்கள் "இதை மருந்தாக்க வேண்டாம்" என்று தடுக்க நினைத்தால், அதற்கான உரிமை நம் பல்லுயிர்ச் சட்டத்தில் தெளிவாக இல்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மறுக்க முடியாதவர் எப்படிப் பேரம் பேசுவார்? கொடுப்பதை வாங்கிக்கொள்ளத்தான் முடியும். காணிகளின் கதையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

1987இல் அனைத்திந்திய இன உயிரியல் ஆய்வுத் திட்டத்தின்கீழ் ஒரு விஞ்ஞானிகள் குழு அகத்தியமலையின் கேரளப் பக்கத்துக் காட்டுக்குள் போனது. புஷ்பாங்கதனும் ராஜசேகரனும் அதில் முக்கியமானவர்கள். வழிகாட்டிகளாகக் காணி இளைஞர்கள் சிலர் கூட வந்தார்கள். மேடேறி ஏறி விஞ்ஞானிகள் களைத்துப்போக, காணிகள் ஏதோ சிறு காய்களை மென்றபடி சளைக்காமல் நடந்திருக்கிறார்கள். கேட்டபோது காய்களைத் தின்னக் கொடுத்தார்கள், களைப்பும் நீங்கியது. செடி எது என்று சொல்லத்தான் தயங்கினார்கள். வெளியாட்களிடம் சொல்லக் கூடாத விஷயம் அது. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, வற்புறுத்திய பிறகே காட்டினார்கள்.

அது ஆரோக்கியப்பச்சை. ஓடையோர ஈரத்தில், பெரிய மரங்களின் நிழலில், தரையோடு தரையாக வளரும் சிறு செடி. நீண்ட காம்பின் நுனியில் இதய வடிவ இலை, அடியில் கருஞ்சிவப்பாகச் சின்னப் பூ. தாவரவியல் பெயர் டிரைகோபஸ் ஜெய்லானிகஸ். இலங்கையிலும் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் வளர்வதைத் தனித் துணையினமாகக் குறிப்பிடுகிறார்கள்.

ஆய்வு முதலில் ஜம்முவில் இருந்த ஆய்வுக்கூடத்திலும், பிறகு திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்திலும் நடந்தது. காணிகள் தின்றது காயை. ஆய்வகம் மருந்துக்கு எடுத்துக்கொண்டது இலையை. அதோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி மூன்றையும் சேர்த்து "ஜீவனி" என்ற சூரணத்தை உருவாக்கினார்கள். ஆய்வகத்தின் பங்கைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. எந்தப் பாகம், எவ்வளவு அளவு, நச்சுத்தன்மை உண்டா என்று பார்த்ததெல்லாம் அவர்கள் உழைப்பு. ஆனால் அந்தக் காட்டிலுள்ள ஆயிரக்கணக்கான செடிகளில் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டியது காணிகள். மருந்துத் துறையில் ஆகச் செலவு பிடிக்கிற வேலைகளில் ஒன்று இந்தத் தேடல்தான்.

1995 நவம்பரில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு உற்பத்தி உரிமம் கொடுக்கப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், ஆலை விலையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. இப்போது கணக்கு. ஒரு டப்பி ஜீவனி ஆலையிலிருந்து 100 ரூபாய்க்கு வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி 2 ரூபாய், அதில் பாதி 1 ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய்தான் காணிகளின் பங்கு. பணத்தை வாங்கிக்கொள்ள முறையான அமைப்பு இல்லாததால் 1997 நவம்பரில் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டு, 1999இல் அதன் கணக்குக்கு ஏறக்குறைய 5.19 லட்சம் ரூபாய் போய்ச் சேர்ந்தது. உரிமத் தொகையில் பாதியே 5 லட்சம். அப்படியானால் அதுவரை ராயல்டியாக வந்த பங்கு 20,000 ரூபாயைக்கூடத் தொடவில்லை.

இருந்தும் அன்றைய உலகில் இது அபூர்வம். 1992இல் ரியோ டி ஜெனீரோவில் கையெழுத்துக்கு வந்த பல்லுயிர் உடன்படிக்கை பாரம்பரிய அறிவின் பலனை நியாயமாகப் பகிரச் சொன்னது. அதை நடைமுறையில் செய்துகாட்டிய ஆரம்பகால உதாரணங்களில் ஒன்றாகக் காணி ஒப்பந்தத்தை உலகம் பாராட்டியது. 2002இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் புஷ்பாங்கதனுக்கு ஐ.நா.வின் ஈக்குவேட்டர் விருதும் கிடைத்தது. பாராட்டு நியாயமானதுதான். ஆனால் மலையில் என்ன நடந்தது?

காணி மக்களில் மருத்துவமும் மந்திரச் சடங்குகளும் பிலாத்தி எனப்படும் வைத்தியர்களின் பொறுப்பு. வழிகாட்டியாக வந்த இளைஞர்கள் பிலாத்திகள் இல்லை. "எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்கிறார்கள்" என்று பிலாத்திகள் சிலர் 1995இலேயே கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். காணிக் குடியிருப்புகள் பல பஞ்சாயத்துகளில் சிதறிக் கிடக்கின்றன. குற்றிச்சல் பக்கத்துக் காணிகளுக்குத் தெரிந்தது மற்ற பக்கத்துக்குத் தெரியாது. அகத்தியமலையின் கிழக்குச் சரிவில், பாபநாசத்துக்கு மேலேயும் கன்னியாகுமரி மாவட்ட மலைகளிலும் வாழும் தமிழ்நாட்டுக் காணிகள் கேரள அறக்கட்டளையின் கணக்கிலேயே வரவில்லை. ஒரே மக்கள், ஒரே மலை, நடுவில் மாநில எல்லை. சம்மதம் என்று ஒன்று வாங்க வேண்டுமென்றால் யாரிடம் வாங்குவது? ஊர்த் தலைவரான மூட்டுக்காணியிடமா, பிலாத்தியிடமா, செடியைக் காட்டியவரிடமா, கிராம சபையிடமா? யாரும் அன்று இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்கவில்லை. பணம் வந்த பிறகுதான் கேட்டார்கள்.

அடுத்த அடி வனத்துறையிடமிருந்து வந்தது. காணிக் குடும்பங்கள் இலையைப் பயிரிட்டு விற்றால் ராயல்டியைவிட நல்ல வருமானம் வரும் என்று திட்டமிட்டார்கள். ஆனால் காட்டு நிழலில் வளர்ந்தால்தான் அந்தச் செடிக்கு மருந்துக் குணம் சரியாக வருகிறது. காடோ வனத்துறையின் கையில். காட்டுக்குள் பயிரிட்டு அறுவடை செய்ய வனத்துறை ஒப்பவில்லை, எடுத்துவந்த செடிகளைப் பறிமுதலும் செய்தது. செடியின் குணத்தைச் சொன்னவர்களுக்கு அதன் இலையைக் கிள்ளி விற்க அனுமதி இல்லை என்றாகிவிட்டது. இலை வராமல் உற்பத்தி தடுமாறியது. அறிவைத் தனியாகவும் நிலத்தைத் தனியாகவும் பார்க்கிற எந்தப் பாதுகாப்பும் இப்படித்தான் நொண்டும்.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் "ஜீவனி" என்ற பெயரையே அங்கே தன் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டது. பாலோட்டு நிறுவனம் இந்தியாவில் செய்முறைக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்ததே ஒழிய, வெளிநாட்டில் காப்புரிமையோ பெயர்ப் பாதுகாப்போ வாங்கி வைக்கவில்லை. இந்தியக் காப்புரிமையிலும் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களில் காணிகள் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குக் காப்புரிமையின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். காப்புரிமைக்குப் புதுமை வேண்டும், கண்டுபிடித்தவர் இன்னார் என்று பெயர் வேண்டும், இருபது ஆண்டுகளில் காலாவதியாகவும் வேண்டும். தலைமுறைகளாக ஒரு மக்கள்கூட்டம் பயன்படுத்திவரும் மருந்து புதியதும் இல்லை, ஒருவருடையதும் இல்லை. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(p) உட்பிரிவு பாரம்பரிய அறிவாகவே இருக்கும் எதற்கும் காப்புரிமை கிடையாது என்கிறது. நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட பிரிவுதான், வெளியார் அதை அப்படியே அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்கிறது. ஆனால் அதன் இன்னொரு விளைவையும் பாருங்கள். பிலாத்தி விண்ணப்பித்தால் "இது பழையது" என்று திரும்பி வரும். அவர் சொன்னதை வைத்து ஆய்வகம் ஒரு புதிய சாறெடுக்கும் முறையையோ, மாற்றியமைத்த மூலக்கூறையோ கொண்டுபோனால் அது "புதியது". மூலவருக்கு மூடிய கதவு அடுத்தவருக்குத் திறக்கிறது.

திருட்டைத் தடுப்பதில் இந்தியா உண்மையிலேயே நன்றாகப் போராடியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு மஞ்சள் தூளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் வீட்டில் குழந்தை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் என்ன செய்வோமோ, அதற்கு! அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வழக்காடி, சமஸ்கிருத நூல்கள் முதல் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை வரை எடுத்துக் கொடுத்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. அச்சில் இருந்ததைத் தேடித் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது ஏனென்றால், அன்றைய அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டில் வாய்வழியாகவும் பழக்கத்திலும் இருந்ததை ஏற்கெனவே தெரிந்த அறிவாக ஏற்கவில்லை. அச்சில் வந்திருந்தால்தான் கணக்கு. 2013இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகே இது மாறியது. வேம்பில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தோடு நடந்த போராட்டம் இன்னும் நீளம். 2000இல் ரத்து, மேல்முறையீடு, 2005இல்தான் இறுதி முடிவு.

ஒவ்வொன்றுக்கும் வழக்காடிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் 2001இல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கினார்கள். ஆயுர்வேதம், சித்தம், யுனானி நூல்களிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் மாற்றி, உலகக் காப்புரிமை அலுவலகங்களின் பரிசோதகர்கள் பார்க்கும்படி வைத்தார்கள். நம் சித்தர் பாடல்களில் உள்ள சூரணமும் லேகியமும் இப்போது மியூனிக்கில் இருக்கும் பரிசோதகர் கண்ணில் படும். பெரிய காரியம். ஆனால் இந்த ஏற்பாடு அடிப்படையில் நூலில் எழுதப்பட்டதை நம்பி நிற்கிறது. காணியின், இருளரின், பளியரின் அறிவு நூலில் இல்லை. எழுதினால் திருட்டிலிருந்து காக்கலாம், எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். வாய்வழி அறிவுக்கு இந்த இக்கட்டு விடாமல் தொடர்கிறது.

இப்போது நம் பல்லுயிர்ச் சட்டத்துக்கு வருகிறேன். 2002இல் நிறைவேறியது. இதை நடத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. வெளிநாட்டவரும் வெளிநாட்டவர் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களும் நம் உயிர்வளத்தையோ அதைச் சார்ந்த அறிவையோ எடுக்க ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும். இந்திய நிறுவனங்கள் வணிகத்துக்கு எடுத்தால் மாநில வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்புரிமை வாங்குவதென்றால் ஆணையத்தைத் தாண்டிப் போக முடியாது. பலனில் பங்கு கொடுக்க வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. 2014 விதிமுறைகள் ஆலை விலையில் 0.1 முதல் 0.5 சதவீதம் வரை என்று ஒரு கணக்கைச் சொன்னன. சட்டமே இல்லாத காலத்தில் காணிகளுக்குக் கிடைத்தது 1 சதவீதம் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

இந்திய நிறுவனங்களும் பங்கு கொடுக்கத்தான் வேண்டுமா என்ற சண்டை உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் வரை போனது. 421 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள ஆயுர்வேத மருந்து நிறுவனமான திவ்யா பார்மசியிடம் மாநில வாரியம் ஏறக்குறைய 2 கோடி ரூபாய் கேட்டது. இந்திய நிறுவனத்துக்கு இது பொருந்தாது என்று நிறுவனம் வாதாடியது. 2018 டிசம்பரில் நீதிபதி சுதான்ஷு துலியா, உள்ளூர் மக்களின் உரிமையைப் பொறுத்தவரை எடுப்பவர் இந்தியரா வெளிநாட்டவரா என்று பிரிக்க முடியாது என்ற அடிப்படையில், பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தார். இந்தத் துறையில் நான் ஆக மதிக்கிற தீர்ப்பு இது.

ஐந்தே ஆண்டுகளில் நாடாளுமன்றம் அதன் கூர்மையை மழுக்கியது. 2023 திருத்தச் சட்டம், நூல்வழிப் பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்கும் பயிரிட்ட மூலிகைகளுக்கும் விலக்குக் கொடுத்தது. சிறைத் தண்டனையை நீக்கி அபராதமாக மாற்றியது. நூல்வழி அறிவு என்றால், மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களில் இருப்பது. ஜீவனியை இந்தக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி மூன்றும் வைத்திய நூல்களில் காலங்காலமாக இருப்பவை. உலகம் காணிகளின் வாயால் தெரிந்துகொண்டது ஆரோக்கியப்பச்சை ஒன்றைத்தான். மலையிலிருந்து வந்த அறிவு என்றைக்காவது ஒரு நூலில் ஏறிவிட்டால், அல்லது ஏற்கெனவே இருந்ததாக யாராவது ஒரு சுலோகத்தைக் காட்டிவிட்டால், விலக்கு வந்துவிடும். காட்டில் சேகரித்த மூலிகையைப் பயிரிட்டது என்று சான்றிதழ் வாங்கிவிடும் ஆபத்து தனி.

சம்மதத்துக்கு வருவோம். பல்லுயிர் உடன்படிக்கையின்கீழ் 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா ஒப்பந்தத்தின் 7ஆம் உறுப்பு, பழங்குடிகளிடம் உள்ள அறிவை எடுக்க அவர்களின் முன்சம்மதமோ ஒப்புதலோ இருப்பதையும், அவர்களின் பங்கேற்பு இருப்பதையும் நாடுகள் உறுதி செய்ய வேண்டும் என்கிறது. இந்தியா அதில் உறுப்பு நாடு. ஆனால் நம் பல்லுயிர்ச் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்வது, ஆணையமும் வாரியங்களும் உள்ளூர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் "கலந்தாலோசிக்க வேண்டும்" என்பது மட்டும். கலந்தாலோசித்துவிட்டு அனுமதி கொடுக்கலாம். குழு வேண்டாம் என்று சொன்னால் அனுமதி நின்றுவிடும் என்று எங்கும் எழுதவில்லை. அந்தக் குழுவும் பஞ்சாயத்து அளவில் அமைவது. பஞ்சாயத்தில் பழங்குடிகள் சிறுபான்மை என்றால் குழுவிலும் அப்படித்தான். மத்திய அரசு இத்தகைய அறிவைக் காக்கத் தனிச் சட்டமுறை உட்பட ஏற்பாடுகளைச் செய்ய முயல வேண்டும் என்று 36ஆம் பிரிவு சொல்லி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்படியொரு தனிச் சட்டம் இன்னும் வரவில்லை.

எனக்கு நம்பிக்கை தரும் பிரிவு வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(கே), பல்லுயிர் சார்ந்த அறிவுச் சொத்திலும் பாரம்பரிய அறிவிலும் வனவாழ் மக்களுக்குச் சமூக உரிமை உண்டு என்று நேரடியாகச் சொல்கிறது. அதைக் கோரும் இடம் கிராம சபை. அதே சட்டம் சிறு வனப்பொருள்களின் மேலும் உரிமை தருகிறது. இலையைக் கிள்ளும் உரிமையும் அறிவின் உரிமையும் ஒரே சட்டத்தில், ஒரே கிராம சபையில் சேர்கின்றன. காணிகளுக்கு 1995இல் இது இருந்திருந்தால் வனத்துறையிடம் அந்தப் பாடு பட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் பல்லுயிர்ச் சட்டத்தை நடத்துபவர்கள் இந்தப் பிரிவைக் கண்டுகொள்வது அரிது. இரண்டு சட்டங்களையும் இணைக்கும் விதி ஒன்று வந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

வெளிநாட்டில் எப்படி? கலஹாரிப் பாலைவனத்துச் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமலிருக்க ஹூடியா என்ற சதைப்பற்றுள்ள செடியைக் கடித்துக்கொள்வார்கள். தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு மன்றம் அதிலுள்ள பொருளுக்குக் காப்புரிமை வாங்கி, ஃபைட்டோபார்ம் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்க, அங்கிருந்து அது ஃபைசருக்குப் போனது. சான் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2001இல் விஷயம் செய்தியாகிப் பெரும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2003இல் ராயல்டியில் 6 சதவீதமும் இடைக்கட்டத் தொகைகளில் 8 சதவீதமும் தர ஒப்பந்தம் போட்டார்கள். அதே ஆண்டு ஃபைசர் விலகியது. பிறகு வந்த யூனிலீவரும் 2008இல் கைவிட்டது. மருந்தாக வெளிவராத பொருளுக்கு ராயல்டி எங்கிருந்து வரும்? மருந்து ஆராய்ச்சியில் பெரும்பாலானவை பாதி வழியில் நின்றுபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே கடைசியில் கிடைக்கும் சதவீதத்தைவிட, முதலிலேயே கைக்கு வரும் தொகைக்கு மக்கள் சார்பில் பேச வேண்டும். சான் மக்கள் பட்ட அனுபவம் வீண்போகவில்லை. 2019இல் ரூய்பாஸ் தேயிலைத் தொழிலோடு சான், கோய் மக்கள் போட்ட ஒப்பந்தத்தில் பண்ணை விலையில் 1.5 சதவீதம் என்று நிர்ணயித்தார்கள். ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் பொருள் என்பதால் பணம் உண்மையில் வந்து சேர்கிறது. 2017இல் தங்களிடம் ஆய்வுக்கு வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களே ஒரு நெறிமுறையும் எழுதி வெளியிட்டார்கள்.

பெரு நாட்டின் 2002 சட்டம் நான் பொறாமையோடு பார்க்கிற ஒன்று. அறிவு மக்கள்கூட்டத்தின் சொத்து என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லி, முன்சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. வணிக விற்பனையில் குறைந்தது 10 சதவீதம் பழங்குடி மேம்பாட்டு நிதிக்குப் போக வேண்டும். பதிவேட்டையும் பொதுவானது, இரகசியமானது, உள்ளூரில் மக்களே வைத்துக்கொள்வது என்று மூன்றாக வைத்திருக்கிறது. எழுதினால் பறிபோகும் என்ற அச்சத்துக்கு அந்த இரகசியப் பதிவேடு ஒரு பதில். இங்கே உள்ளூர் உயிர்வளத்தையும் அதைச் சார்ந்த அறிவையும் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு என்ன ஆனது? எல்லா உள்ளாட்சிகளும் பதிவேட்டை முடித்தாக வேண்டும், தவறினால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. பல இடங்களில் அவசரமாக எழுதி முடித்தார்கள். யாருடைய அறிவு, யாருக்குக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்று உட்கார்ந்து பேச ஒரு மலைக்கிராமத்துக்குப் பல மாதங்கள் தேவைப்படும்.

இப்போது எல்லாருக்கும் முன்னால் நிற்கும் புதிய சிக்கல், செடியே தேவைப்படாமல் போவது. ஆரோக்கியப்பச்சையின் மரபணுத் தொகுதி 2019இல் வெளியானது. இனி அதன் மூலக்கூறுகள் எப்படி உருவாகின்றன என்று பார்க்க யாரும் அகத்தியமலை ஏற வேண்டியதில்லை, கணினி போதும். இப்படி மின்தரவை எடுத்து இலாபம் பார்க்கும் பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 1 சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ கொடுக்கலாம், அதில் பாதியாவது பழங்குடிகளுக்குப் போக வேண்டும் என்று 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் ஒரு நிதி முடிவானது. கட்டாயம் இல்லை, விரும்பினால் கொடுக்கலாம். அதே ஆண்டு மே மாதம் ஜெனீவாவில், காப்புரிமை விண்ணப்பத்தில் மரபுவளத்தின் மூலத்தையும் அறிவைக் கொடுத்த மக்களையும் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று ஓர் உலக ஒப்பந்தம் நிறைவேறியது. 15 நாடுகள் ஏற்றால் நடைமுறைக்கு வரும். பெயரைச் சொல்லவாவது வைக்கிறதே என்பதால் இதை நான் வரவேற்கிறேன்.

கடைசியாக, மலைக்குப் போகப்போகும் உங்களுக்கு. இந்தியக் குடிமகளாக, ஆய்வுக்காக மட்டும் போகும்போது தேசிய ஆணையத்தின் அனுமதி பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினாலோ, முடிவுகளைக் காசுக்கோ வேறு வகையிலோ வெளிநாட்டவருக்குக் கொடுத்தாலோ அனுமதி வேண்டும். வனத்துறை அனுமதி தனி.

முடிவுகளைக் கைமாற்றுவது பற்றிய பல்லுயிர்ச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வழிகாட்டுதலின்படி வெளியிடும் ஆய்வுக் கட்டுரைக்கும் கருத்தரங்க உரைக்கும் பொருந்தாது. ஆகவே உங்கள் கட்டுரையில் "இன்ன ஊர்க் காணிகள், இன்ன நோய்க்கு, இன்ன இலையை, இன்னதோடு அரைத்து, இவ்வளவு நாள் கொடுக்கிறார்கள்" என்று அட்டவணை போட்டுவிட்டால், உலகில் எந்த மருந்து நிறுவனமும் யாரிடமும் கேட்காமல் அதை வாசிக்கலாம். நம் கல்லூரிகளிலிருந்து இத்தகைய அட்டவணைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கின்றன. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, ஆவணமாகட்டும் என்றுதான் எழுதினார்கள். நீங்கள் செய்யக் கூடியது: போவதற்கு முன்பே ஊர்க் கூட்டத்தில் மூட்டுக்காணி, பிலாத்தி, பெண்கள் எல்லாரும் இருக்கும்போது ஆய்வு எதற்கு, எங்கே அச்சாகும், யார் படிக்க முடியும் என்று அவர்கள் பேச்சிலேயே விளக்குங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். எதை வெளியிடக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதி, அதன் நகலை அவர்களிடம் கொடுங்கள். இடையில் மனம் மாறினால் விலகலாம் என்று எழுதுங்கள். தயாரிப்பு முறை, அளவு, சேர்மானம் ஆகியவை உங்கள் ஆய்வுக் கேள்விக்குத் தேவையில்லை என்றால் அச்சில் போடாதீர்கள். சொன்னவர்கள் விரும்பினால் அவர்கள் பெயர் ஆசிரியர் வரிசையில் வரட்டும், நன்றியுரையில் ஒரு வரியாகப் போக வேண்டாம்.

உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னால், விண்ணப்பத்தில் செடி எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டியது சட்டக் கட்டாயம் என்பதையும், பொய்யாக எழுதினாலோ மறைத்தாலோ காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் அதை எதிர்க்க முடியும் என்பதையும் சொல்லுங்கள். அதே பிரிவின் கடைசி உட்பிரிவு, ஒரு பழங்குடிச் சமூகத்தில் வாய்மொழியாக இருக்கும் அறிவையே எதிர்ப்புக்குப் போதுமான காரணமாக ஏற்கிறது. அச்சில் வந்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பம் வெளியாகி, காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பு, யார் வேண்டுமானாலும் எதிர்ப்பைப் பதியலாம். சென்னைக் காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. இதை அந்த ஊர்க் கூட்டத்திலேயே அவர்களுக்கும் சொல்லிவிட்டு வாருங்கள்.